மூவாயிரத்தில் நிற்கும் ஊசி

ஆவாரம்பாளையம் பட்டறையில் பகலெல்லாம்
ஐந்து குதிரைத்திறன் மோட்டாரைத் தொட்டிக்குள் இறக்கி
வால்வை மூடி மூடி அழுத்தம் பார்ப்பேன்.
தூக்கும் உயரம் நூற்று நாற்பது அடியா, நூற்று முப்பத்தெட்டா?
அந்த இரண்டடிக்கு ஒரு சிவப்பு ஸ்டிக்கர்.

பொழுதிறங்கி சின்னியம்பாளையம் வந்தால்
இன்னொரு பம்ப் காத்திருக்கும்.
அதற்கு எடையில்லை, எண்ணெய் நாறாது,
நாலாயிரத்துச் சொச்சம் வரி.
மேசையில் பறக்கப்போகிற பழைய இரட்டை என்ஜின் ஜெட்டில்
இறக்கைக்குள் ஓடும் குழாய் அத்தனையும் என் பங்கு.

தோல் ரேணுகாவின் பங்கு.
திருப்பூரில் பனியனுக்கு நெஞ்சுப் படம் வரைகிறவள்.
முதலில் அனுப்பிய காக்பிட்டை அவளே திருப்பி வாங்கிக்கொண்டாள்.
"கலியாண ஊட்டுப் பாத்திரமாட்டம் மினுங்குது,
எவன் நம்புவான்?"
பதினொரு நாள் கழித்து வந்தது:
விளக்கு சுவிட்சைச் சுற்றி மட்டும் சாம்பல் பெயின்ட் உரிந்து,
வலது சீட்டருகே வட்டமாய் ஒரு டீக்கறை,
சக்கர லீவரின் விளிம்பில் நகக்கீறல்.
யாருடைய நகம் என்றேன்.
பேர் வெச்சிருக்கேன், சொல்ல மாட்டேன் என்றாள்.

போத்தனூர் இர்ஷாத் சத்தம் பிடிப்பவன்.
எங்கள் விமானத்தின் முன்கதவு
பால் வண்டியின் பின்கதவு.

மாதம் ஒருநாள் பராமரிப்பு என்று
ஒன்பது மணிக்குப் போகும் கரண்ட் நாலுக்கு வரும்.
நான் எழுதிய விமானத்தில்
என்ஜினுக்கொன்றாய் இரண்டு ஜெனரேட்டர், வாலில் மூன்றாவது,
எல்லாம் செத்தால் அரைமணி நேரப் பேட்டரி.
எழுதுகிற வீட்டுக்கு ஒரே கம்பம்.
முப்பத்தைந்தாயிரம் அடியில்
கம்முனு அணைந்துபோவார்கள் நூற்றிருபது பயணிகள்.

அந்த ரகத்தில் பத்தொன்பது வருடம் பறந்த கேப்டன் ஒருவர்,
சிலி நாட்டில் ஓய்விலிருப்பவர், சோதித்துவிட்டு எழுதினார்:
எல்லாம் சரி, அழுத்த மீட்டர் மட்டும் பொய்.
மூவாயிரத்துக்குப் போய் நின்றுகொள்கிறது.
நிஜ ஊசி அப்படி நிற்காது.
எப்படி நிற்கும்?
சொல்லத் தெரியவில்லை, பார்த்தால் தெரியும்.

தற்செயல் எண்களைத் தூவினேன், பேய் பிடித்தாடியது.
அலை ஒன்று கொடுத்தேன், ஊஞ்சலானது.
ஆனி போய் ஆடி வந்தது.
பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்று
மொட்டை மாடி பக்கெட்டை அடுத்த தெருவுக்குத் தள்ளியது.
தலைக்கு மேல் பீளமேட்டுக்கு இறங்கிய விமானம்
பாதை ஒருபக்கம், மூக்கு ஒருபக்கமாகப் போனது.
அதற்குள்ளும் ஓர் ஊசி,
எனக்குக் காட்டாமல்.

அந்த வாரம்தான் பட்டறையில் பார்த்தேன்.
மூன்றாம் தொட்டி மீட்டர், கண்ணாடி கீறியது, பழசு.
பக்கத்துத் தொட்டியில் யாரோ மோட்டார் போட்டதும்
ஒரு நூல் இறங்கி,
நடந்தது எதுவும் தெரியாதது மாதிரி ஏறிக்கொண்டது.
தற்செயல் இல்லை.
ஒரே வயரில் உறிஞ்சுகிறவர்கள் இருக்கிறார்கள்.
அங்கே சக்கரம், இங்கே ஃபிளாப், வாலில் சுக்கான்;
எவர் ஒரு மடக்கு குடித்தாலும்
ஊசிக்குத் தெரிய வேண்டும்.

மதியச் சோறு விட்டு மூன்று நாள் போனில் படம் பிடித்தேன்.
"அது ரிப்பேருங்க, மாத்தோணும்" என்றார் மயில்சாமி.
இந்த வாரம் மட்டும் இருக்கட்டும் என்று கெஞ்சினேன்.
மீட்டருக்கா லவ்வு என்று சிரித்தார்.

ஞாயிறு நள்ளிரவு அனுப்பினோம்.
விடியுமுன் கேப்டனிடமிருந்து ஒரே வரி:
இதை எந்த விமானத்தில் பதிவு செய்தீர்கள்,
வால் எண் வேண்டும்.

ரேணுகா சிரிப்புப் பொம்மை போட்டாள்.
இர்ஷாத் பால் வண்டி நம்பரைக் கொடுக்கலாமா என்றான்.
யாரும் பதில் எழுதவில்லை.

திங்கட்கிழமை மூன்றாம் தொட்டியில்
கிளிசரின் நிரப்பிய புது மீட்டர் பளபளத்தது.
பக்கத்தில் மோட்டார் போட்டார்கள்.
ஆணி அடித்தாற்போல் நின்றது ஊசி.
பார்க்கப் பொய்யாக இருந்தது.